எம்31-க்கு ஆண்ட்ராய்டு 12: கம்ப்யூட்டர் வழியா ஏத்தினா போட்டோ போயிருமுங்களா?

மஞ்சக்காடு_கோபி:

வணக்கமுங்க. வீட்டுல இருக்கற கேலக்ஸி எம்31 (எஸ்எம்-எம்315எஃப், 64 ஜிபி) இன்னும் ஆண்ட்ராய்டு 11-லயே நிக்குது. 12-க்கு மாத்தோணும். செட்டிங்ஸ்ல அப்டேட் காட்டுதுங்க, ஆனா டேட்டா பேக் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி தான். காட்டுக்குள்ள சிக்னலும் விட்டு விட்டுத்தான் வருது. போன்ல காலி இடம் 2 ஜிபி கூட இல்லை.

டவுன்ல பிராட்பேண்ட் இருக்கற விண்டோஸ் 10 டெஸ்க்டாப் ஒண்ணு கைவசம் இருக்குது. கேபிள்ல மாட்டி அதுலயே ஏத்திரலாமுங்களா? கடையில "சாப்ட்வேர் அடிச்சா எல்லாம் அழிஞ்சிரும்"னு சொல்றாங்க. போட்டோ, வாட்ஸ்ஆப், பேங்க் ஆப் எதுவும் போகாம பண்றதுக்கு வழி இருக்குதுங்களா? ஓடின்ல (சாம்சங் போனுக்குக் கம்ப்யூட்டர்லிருந்து சாப்ட்வேர் ஏத்தற ப்ரோகிராம்) நாலு பைல் போடோணும்கறது வரைக்கும் தெரியும். எந்தப் பைல், எப்படித் தேர்ந்தெடுக்கறதுன்னுதான் விவரம் வேணும்.

---

அவிநாசி_ரோடு:

அழியறதும் அழியாததும் நீங்க போடற நாலாவது பைலைப் பொறுத்தது. கடையில பெரும்பாலும் அழிக்கற பைலைத்தான் போடுவாங்க. போன் புதுசு மாதிரி ஓடும், திரும்ப கம்ப்ளெய்ன்ட் வராது, அவங்களுக்கு அது லேசு.

ஓடினுக்குப் போறதுக்கு முன்னாடி ஸ்மார்ட் ஸ்விட்சை ஒருக்கா பார்த்துருங்க. சாம்சங்கோட சொந்த ப்ரோகிராம், விண்டோஸ்ல இன்ஸ்டால் பண்ணி போனை மாட்டினா, புது வெர்ஷன் இருந்தா அதுவே அப்டேட் பட்டனைக் காட்டும். பைல் கம்ப்யூட்டர்லதான் இறங்கும், உங்க டேட்டா பேக் கரையாது. போன்ல இருக்கற போட்டோ, மெசேஜையும் தொடாது. பட்டன் வந்துருச்சுன்னா கீழ நான் எழுதறது எதுவுமே உங்களுக்கு வேண்டாம்.

வரலைன்னா ஓடின்தான். இதுல ஒரு சங்கதி: ஓடின் சிஸ்டம் பகுதியில நேராவே எழுதும். போன் தானா அப்டேட் ஆகறப்ப பைலை முதல்ல உங்க ஸ்டோரேஜ்ல இறக்கி வெச்சு, அப்புறம்தான் விரிக்கும். அதுக்குத்தான் இடம் கேக்குது. ஓடினுக்கு அந்த இடம் தேவையில்லை. ஆனாலும் 2 ஜிபி காலியோட 12-ஐ ஏத்தாதீங்க. முதல் தடவை ஆன் ஆகறப்ப ஆப்புகளை எல்லாம் திரும்ப ஒழுங்குபடுத்த அதுக்கு இடம் வேணும், இல்லைன்னா லோகோவுலயே நின்னுக்கும். 4, 5 ஜிபி ஒதுக்கி வைங்க. எம்31-ல மெமரி கார்டுக்குத் தனி ஸ்லாட் இருக்குது, வீடியோவை அங்க தள்ளிவிடுங்க.

இப்ப பைலு. செட்டிங்ஸ், அபவுட் போன், சாப்ட்வேர் இன்பர்மேஷன் போங்க. "சர்வீஸ் ப்ரொவைடர் சாப்ட்வேர் வெர்ஷன்"னு ஒரு வரி இருக்கும். அதோட கடைசியில மூணெழுத்துக் குறியீடு சாய்வுக்கோடு போட்டு வரும். இந்தியாவுல வித்த போனுக்கு ஐஎன்எஸ், சிலதுல ஐஎன்யு. எது இருக்குதோ அதே குறியீட்டுக்கான பைலைத்தான் இறக்கோணும். மாடல் நம்பரையும் கடைசி எழுத்து வரைக்கும் பாருங்க. எம்31எஸ் வேற போன், அது எம்317எஃப். பேர் ஒண்ணு போல இருக்குதுன்னு அதோட பைலைப் போட்டா ஏறாது.

அதே பக்கத்துல பேஸ்பேண்ட் வெர்ஷன் இருக்கும். அது யு2சிவிடி1-னு முடியுதுன்னு உதாரணத்துக்கு வெச்சுக்கோங்க. கடைசி அஞ்சு எழுத்துத்தான் விஷயம். பின்னாலிருந்து அஞ்சாவதா நிக்கற 2, பூட்லோடர் எண் (பூட்லோடர்னா போன் ஆன் ஆனதும் முதல்ல ஓடற ப்ரோகிராம்). அடுத்த சி, ஆண்ட்ராய்டு தலைமுறை: போன் வந்தப்ப ஏ, அடுத்து பி, அதுக்கடுத்து சி. வி-ன்னா 2022. யு 2021, டபிள்யூ 2023. டி-ன்னா நாலாவது மாசம், ஏப்ரல். கடைசி 1 அந்த மாசத்துப் பைல் வரிசை. எம்31 வந்தது ஆண்ட்ராய்டு 10-ல, அதனால 12-க்கான பைல்ல அந்த இடத்துல சி இருக்கும்.

பூட்லோடர் எண் போன்ல இருக்கறதுக்குச் சமமாவோ எச்சாவோ இருக்கோணும். கம்மியா இருந்தா போன் ஏத்துக்காது, "எஸ்டபிள்யூ ரெவ் செக் ஃபெயில்"னு மேல பொடி எழுத்துல காட்டிட்டு நின்னுரும். அதே மாதிரி, 12-க்குப் போறப்ப இந்த எண்ணு ஏறிப்போச்சுன்னா, பிடிக்கலைன்னு 11-க்குத் திரும்ப வர முடியாது. எம்31-க்கு 12 தான் கடைசி, 13 வராது.

பைலை எங்கயோ கெடக்கற லிங்க்ல இறக்காதீங்க. ஃப்ரிஜா மாதிரி ப்ரோகிராம்ல மாடல், குறியீடு, ஐஎம்இஐ (*#06# அடிச்சா வரும்) குடுத்தா சாம்சங் சர்வர்லிருந்தே நேரா இறங்கும். நாலஞ்சு ஜிபி ஜிப். விரிக்கவும் சேர்த்து டிஸ்க்ல 15 ஜிபி காலியா வைங்க.

விரிச்சா அஞ்சு பைல் வரும். பிஎல் (பூட்லோடர்), ஏபி (ஆண்ட்ராய்டு சிஸ்டம்), சிபி (சிக்னலுக்கான மோடம்), அப்புறம் சிஎஸ்சி-ன்னு (நாடு, கம்பெனி செட்டிங்) ஒண்ணு, ஹோம்_சிஎஸ்சி-ன்னு ஒண்ணு. ஓடின்ல சிஎஸ்சி-க்கு இருக்கற கட்டம் ஒண்ணுதான். அதுல ஹோம்_சிஎஸ்சி போட்டா டேட்டா இருக்கும். வெறும் சிஎஸ்சி போட்டா முச்சூடும் போயிரும். உங்க கேள்விக்குப் பதில் இவ்வளவுதாங்க.

---

சோமனூர்_தறி:

மேல இருக்கறவர் சாப்ட்வேர் பக்கத்தைச் சொல்லிட்டார். நம்ம பக்கம் பாதிப் பேருக்குப் போறது கேபிள்லயும் கரண்ட்லயும்.

டெஸ்க்டாப்னா யுபிஎஸ் இல்லாம ஆரம்பிக்காதீங்க. லேப்டாப் இருந்தா அதுதான் நல்லது, சார்ஜ் முழுசா ஏத்திட்டு உட்காருங்க. ஷட்டவுன் நாளா இல்லையான்னு பேப்பர்ல மின்தடைப் பகுதியைப் பாத்துக்கோங்க. தறி ஓடற ஊர்ல சாயங்காலம் வோல்டேஜ் இறங்கி ஏறும், அந்த நேரமும் வேண்டாம். எழுதறது மொத்தமே பத்து நிமிஷத்துக்குள்ளதான், ஆனா அந்தப் பத்து நிமிஷத்துல கம்ப்யூட்டர் ஆஃப் ஆகக் கூடாது. போன் சார்ஜ் 50 சதவீதத்துக்கு மேல.

கேபிள்: சார்ஜுக்கு மட்டும்னு விக்கற கேபிள்ல உள்ள டேட்டா ஒயரே இருக்காது. போனை மாட்டினா "ஃபைல் டிரான்ஸ்ஃபர்"னு கேக்கோணும். கேக்கலைன்னா அந்தக் கேபிள் ஆகாது. பெட்டியோட வந்த கேபிள் இருந்தா அதுவே போதும், நீளமான கேபிளைத் தவிர்த்துருங்க. டெஸ்க்டாப் முன்பக்க போர்ட்டுக்கு உள்ளேயே இன்னொரு ஒயர் ஓடுது, அதனால பின்பக்கம் மதர்போர்டுலயே இருக்கற போர்ட்ல குத்துங்க. ஹப் கூடவே கூடாது. நீல நிற போர்ட்ல தகராறு பண்ணினா கருப்புக்கு மாறுங்க, யுஎஸ்பி 2 மெதுவா இருந்தாலும் ஓடினுக்கு ஒத்துவரும்.

டிரைவர் போட மறந்துராதீங்க. சாம்சங் யுஎஸ்பி டிரைவரை இன்ஸ்டால் பண்ணி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணிப்போட்டு அப்புறம் மாட்டுங்க. டவுன்லோட் மோடுல (ஓடின் எழுதறதுக்காக போன் காத்து நிக்கற நிலை) மாட்டினா டிவைஸ் மேனேஜர்ல மோடம்ஸ்-க்குக் கீழ "சாம்சங் மொபைல் யுஎஸ்பி மோடம்" வரோணும். மஞ்ச முக்கோணம் இருந்தா டிரைவர் சரியா உக்காரலை.

---

மஞ்சக்காடு_கோபி:

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். ஸ்மார்ட் ஸ்விட்ச்ல பட்டன் வரலைங்க. குறியீடு ஐஎன்எஸ். பூட்லோடர் எண்ணும் பைல்ல இருக்கறதும் சமம். பைலை இறக்கி விரிச்சாச்சு. லேப்டாப்ல வெச்சுப் பண்ணலாம்னு பென்டிரைவ்ல காப்பி பண்ணினா ஏபி பைல் மட்டும் "ஃபைல் டூ லார்ஜ்"ங்குது. 32 ஜிபி பென்டிரைவ், முழுசும் காலி. மத்ததெல்லாம் போகுது. ஏனுங்க இப்படி?

---

அவிநாசி_ரோடு:

பென்டிரைவ் ஃபேட்32-ல ஃபார்மட் ஆகியிருக்குது. அதுல ஒரே பைல் 4 ஜிபி-க்கு மேல போகாது, இடம் எவ்வளவு காலியா இருந்தாலும் சரி. எக்ஸ்ஃபேட் இல்லைன்னா என்டிஎஃப்எஸ்-ல ஃபார்மட் பண்ணுங்க. இல்லாட்டி ஜிப்பை லேப்டாப்லயே இறக்கிருங்க.

காப்பி பாதியில நின்ன பைலை அப்படியே ஓடின்ல போட்டா சோதனையில மாட்டிக்கும், அது நல்லதுக்குத்தான். பைல் பேர் .டிஏஆர்.எம்டி5-னு முடியும். அந்த எம்டி5-ஐ வெட்டிட்டா சோதனை இல்லாம வெசையா ஏறும்னு சில வீடியோவுல சொல்றாங்க. அப்படிப் பண்ணாதீங்க. கெட்ட பைல் போனுக்குள்ள போகாம தடுக்கறதே அதுதான்.

---

ஈரோடு_சர்வீஸ்:

சித்த நில்லுங்க. ஹோம்_சிஎஸ்சி போட்டா டேட்டா இருக்கும்கறது சரி, ஆனா போட்டோ போகவே போகாதுன்னு யாரும் எழுதிக் குடுக்க முடியாது. 11-லிருந்து 12-க்குப் போன பிறகு லோகோவுலயே சுத்திக்கிட்டு இருந்தா கடைசியில பேக்டரி ரீசெட்தான் வழி. அப்ப எல்லாமே போகும். ஸ்டோரேஜ் என்கிரிப்ட் ஆகியிருக்கறதால ரீசெட்டுக்கு அப்புறம் ரெகவரி சாப்ட்வேர் எதுவும் எடுத்துக் குடுக்காது. அதனால பேக்கப் இல்லாம டவுன்லோட் மோடுக்கே போகாதீங்க.

கம்ப்யூட்டருக்குக் காப்பி பண்ண வேண்டியது: கேமரா போட்டோ இருக்கற டிசிஐஎம் ஃபோல்டர் முழுசும். பிக்சர்ஸ், டவுன்லோட் ரெண்டும். வாட்ஸ்ஆப் ஆண்ட்ராய்டு 11-ல இடம் மாறிருச்சு: ஆண்ட்ராய்டு, அதுக்குள்ள மீடியா, அதுக்குள்ள காம்.வாட்ஸ்ஆப். பழைய இடத்துல தேடினா காலியா இருக்கும். முதல்ல வாட்ஸ்ஆப் செட்டிங்ஸ்ல சாட் பேக்கப் ஒருக்கா ஓட்டிட்டு அந்த ஃபோல்டரை எடுங்க. ஒட்டுக்கா 40 ஜிபி-யை இழுத்தா விண்டோஸ் பாதியில தொங்கும். ஃபோல்டர் ஃபோல்டரா எடுத்து, ரெண்டு பக்கமும் பைல் எண்ணிக்கை சமமான்னு பாருங்க. செக்யூர் ஃபோல்டர்ல இருக்கறது கேபிள்ல தெரியாது, வெளிய எடுத்து வைங்க.

கூகுள் அக்கவுண்ட் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்குதுங்களா? ரெகவரியில (போன் ஒழுங்கா ஆன் ஆகாதப்ப ரீசெட் பண்ற தனி மெனு) போய் ரீசெட் பண்ண வேண்டி வந்தா, ஆன் ஆனதும் பழைய அக்கவுண்ட்டைக் கேக்கும். ஐடி மறந்து போன போனுங்க சர்வீசுக்கு வர்றதுல இதுதான் நிறைய. பாஸ்வேர்டு தெரியலைன்னா இப்பவே மாத்தி எழுதி வைங்க. மெமரி கார்டை என்கிரிப்ட் பண்ணி வெச்சிருந்தா முதல்ல டிகிரிப்ட் பண்ணுங்க. ரீசெட் ஆன பிறகு அந்தப் போன்லயே கூட அது திறக்காது. சிம், கார்டு ரெண்டையும் கழட்டிட்டு வேலையை ஆரம்பிங்க.

பேங்க் ஆப், யுபிஐ பத்திக் கேட்டீங்க. ஹோம்_சிஎஸ்சி ஒழுங்கா ஏறினா அப்படியே இருக்கும். அசல் பைல்தானே போடறோம், பூட்லோடரைத் திறக்க வேண்டியதில்லை, நாக்ஸும் (சாம்சங்கோட பாதுகாப்பு முத்திரை) உடையாது. ரீசெட் ஆயிட்டா மட்டும் சிம்மைப் போட்டு எஸ்எம்எஸ் வழியா திரும்ப ரிஜிஸ்டர் பண்ணிக்கோணும்.

இன்னொண்ணு, ஓடினை சாம்சங் வெளிய குடுக்கறதில்லை. கைக்குக் கை வந்த ப்ரோகிராம், அதனால அதே பேர்ல வைரஸ் வெச்ச பைலும் ஊரெல்லாம் கெடக்குது. இறக்கினதும் ஆன்டிவைரஸ்ல பாத்துருங்க. 3.14 வரிசை வேணும். பழைய 3.12-க்கு இப்பத்த எல்இசட்4 முறையில சுருக்கின பைல் புரியாது.

---

மஞ்சக்காடு_கோபி:

பேக்கப் எடுத்தாச்சுங்க, எண்ணிக்கையும் சமம். ஓடின்ல என்னென்ன டிக் இருக்கோணும், போனை எப்படி அந்த மோடுக்குக் கொண்டு போறதுன்னு வரிசையாச் சொன்னா அப்படியே பண்ணிருவேன்.

---

அவிநாசி_ரோடு:

ஸ்மார்ட் ஸ்விட்சை மூடுங்க, டாஸ்க் மேனேஜர்லயும் பாத்து மூடுங்க. அது பின்னால ஓடினா போர்ட்டைப் பிடிச்சுக்கும். ஓடினை ரைட் கிளிக் பண்ணி அட்மினிஸ்ட்ரேட்டரா திறங்க.

ஆப்ஷன்ஸ்ல ஆட்டோ ரீபூட், எஃப். ரீசெட் டைம் ரெண்டு மட்டும் டிக். திறக்கறப்பவே அப்படித்தான் இருக்கும், விட்டுருங்க. ரீ-பார்ட்டிஷன், நான்ட் ஈரேஸ் ரெண்டையும் தொடாதீங்க. நான்ட் ஈரேஸ் போட்டா ஐஎம்இஐ இருக்கற இடமும் சேர்ந்து போகும், அப்புறம் சிம் எடுக்காது.

பைலை ஒவ்வொண்ணா அதது கட்டத்துல போடுங்க. ஏபி-யைத் தேர்ந்தெடுத்ததும் ஓடின் உறைஞ்ச மாதிரி நிக்கும், "நாட் ரெஸ்பாண்டிங்"னு கூட வரும். சோதனை ஓடிட்டு இருக்குதுன்னு அர்த்தம். சில நிமிஷம் ஆகும், மூடிராதீங்க.

போனை சுத்தமா ஆஃப் பண்ணுங்க. வால்யூம் மேல், கீழ் ரெண்டையும் ஒட்டுக்கா அமுக்கிப் பிடிச்சுட்டு, கம்ப்யூட்டர்ல ஏற்கனவே குத்தி வெச்ச கேபிளைப் போன்ல மாட்டுங்க. எச்சரிக்கைத் திரை வரும், வால்யூம் மேல் அமுக்கினா டவுன்லோட் மோடு. பவர் பட்டன் இதுல வேலையே இல்லை. ஓடின்ல ஐடி:காம் கட்டம் நீலமாகி ஒரு காம் நம்பர் வரும், கீழ லாக்ல "ஆடட்" விழும். ஸ்டார்ட் அமுக்குங்க.

கடைசிக்கு முன்னால ஒரு தடவை: நாலாவது கட்டத்துல பேர் ஹோம்-னு ஆரம்பிக்குதான்னு பாருங்க.

பச்சைக் கட்டத்துல "பாஸ்" வந்ததும் போன் தானா ரீஸ்டார்ட் ஆகும். முதல் தடவை ஆன் ஆக பத்து நிமிஷம் கூட எடுக்கும். பட்டனை அமுக்கிப் பாக்காம கீழ வெச்சிருங்க.

---

வால்பாறை_எஸ்டேட்:

குறுக்க ஒரு கேள்வி. ஐபோனுக்கும் பிக்சலுக்கும் இதே மாதிரி வழி இருக்குதா? ரெட்மிக்கு?

---

சோமனூர்_தறி:

ஐபோன் இதைவிட லேசு. விண்டோஸ்ல ஆப்பிள் டிவைசஸ் ஆப் இல்லைன்னா ஐட்யூன்ஸ். மேக்-ல கேட்டலினா (2019) முதல் ஃபைண்டர்லயே வரும். அப்டேட் அமுக்கினா டேட்டா இருக்கும், ரீஸ்டோர் அமுக்கினா அழியும். போன் ஆன் ஆகாம ரெகவரி மோடுல வெச்சுப் பண்றப்ப ஒரு சிக்கல் வரும்: டவுன்லோட் 15 நிமிஷத்துக்கு மேல ஆனா போன் ரெகவரியை விட்டு வெளிய வந்துரும். டவுன்லோட் முடியட்டும்னு விட்டுட்டு, மறுபடி ரெகவரிக்குக் கொண்டு போங்க. ஐபிஎஸ்டபிள்யூ பைலை (ஐபோனுக்கான சாப்ட்வேர் பைல்) முன்னாடியே இறக்கி வெச்சிருந்தா, ஷிஃப்ட் (மேக்-ல ஆப்ஷன்) பிடிச்சுட்டு அப்டேட்டை அமுக்கினா நீங்களே பைலைக் காட்டலாம். மலை மேல நெட் இருக்கற இருப்புக்கு அதுதான் உங்களுக்கு ஒத்துவரும்.

பிக்சலுக்கு கூகுளே ஓடிஏ பைல் (அப்டேட் பைல்) போட்டு வெச்சிருக்குது. ரெகவரியில "அப்ளை அப்டேட் ஃப்ரம் ஏடிபி" எடுத்து, கம்ப்யூட்டர்ல ஏடிபி-ங்கற கூகுள் டூல்ல "சைட்லோட்" கமாண்ட் குடுங்க. பூட்லோடரைத் திறக்க வேண்டாம், டேட்டா போகாது. கம்ப்யூட்டர்ல 47 சதவீதத்துலயே நின்ன மாதிரி தெரியும், பயந்து கேபிளைப் பிடுங்காதீங்க, போன் திரையைப் பாருங்க.

ரெட்மி வேற கதை. மி ஃப்ளாஷ்ல (ஓடின் மாதிரி ரெட்மிக்கு இருக்கற ப்ரோகிராம்) ஏத்தறதுக்கு பூட்லோடரைத் திறக்கோணும், திறந்தாலே டேட்டா போயிரும். ப்ரோகிராம்ல கீழ "க்ளீன் ஆல் அண்ட் லாக்" தேர்வாகியே இருக்கும். வேற நாட்டு ரோமை (சிஸ்டம் சாப்ட்வேரை) ஏத்திட்டு அப்படியே லாக் ஆயிட்டா போன் திறக்காது. அதை மாத்தி வெச்சுட்டுத்தான் ஃப்ளாஷ் அமுக்கோணும்.

---

மஞ்சக்காடு_கோபி:

"செட்டப் கனெக்‌ஷன்"லயே நிக்குதுங்க. அதுக்கு மேல நகரலை. போன் டவுன்லோட் மோடுலதான் இருக்குது. கேபிளை உருவிரலாமுங்களா?

---

ஈரோடு_சர்வீஸ்:

உருவலாம். இன்னும் எதுவும் எழுத ஆரம்பிக்கலை. லாக்ல "நான்ட் ரைட் ஸ்டார்ட்" வந்த பிறகுதான் கை வைக்கக் கூடாது.

ஓடினை மூடுங்க. போன்ல வால்யூம் கீழும் பவரும் ஏழெட்டு செகண்ட் பிடிச்சா வெளிய வந்துரும். வேற போர்ட்ல கேபிளைக் குத்தி, ஓடினைத் திரும்பத் திறந்து, பைலை முதல்லிருந்து போட்டு மறுபடி டவுன்லோட் மோடு. போன் ரொம்ப நேரமா டவுன்லோட் மோடுலயே காத்துட்டு இருந்தாலும் இப்படி நிக்கும், பைல் சோதனை முடிஞ்ச பிறகு போனை மாட்டறது நல்லது.

எழுதறப்ப அறுந்து போனாலும் போன் செத்துராது. "ஸ்மார்ட் ஸ்விட்ச்ல எமர்ஜென்சி ரெகவரி பண்ணுங்க"ங்கற மாதிரி ஒரு நீலத்திரை வரும். அந்தத் திரையே ஓடினுக்கு டவுன்லோட் மோடு மாதிரித்தான், அதே பைலைத் திரும்ப அடிக்கலாம்.

---

மஞ்சக்காடு_கோபி:

பின்னால இருக்கற கருப்பு போர்ட்ல மாத்திக் குத்தினதும் ஏறிருச்சுங்க. பாஸ் வந்து, ஆன் ஆகி, ஆண்ட்ராய்டு 12, ஒன் யுஐ 4.1 காட்டுது. போட்டோ, வாட்ஸ்ஆப் அப்படியே இருக்குது. ஆனா போன் சுடுது, கேமரா திறக்க லேட் ஆகுது.

---

அவிநாசி_ரோடு:

சூடு ஓரிரு நாள்ல அடங்கும், ஆப்புகளை உள்ள திரும்ப அடுக்கிட்டு இருக்குது. அந்த நேரத்துல சார்ஜ்ல போட்டு கேம் ஆடாதீங்க. கேலக்ஸி ஸ்டோர், ப்ளே ஸ்டோர் ரெண்டுலயும் ஆப் அப்டேட் எல்லாத்தையும் முடிச்சிருங்க.

அதுக்கப்புறமும் இழுத்தா கேஷ் பார்ட்டிஷனை (சிஸ்டம் தற்காலிகப் பைல் வைக்கற இடம்) துடைங்க. ஆஃப் பண்ணி, கேபிளைக் கம்ப்யூட்டர்ல குத்தின மேனிக்கே போன்ல மாட்டி வெச்சு, வால்யூம் மேலும் பவரும் பிடிச்சா ரெகவரி வரும். ஆண்ட்ராய்டு 11-க்கு அப்புறம் கேபிள் மாட்டாம பட்டனை மட்டும் அமுக்கினா வராது. வால்யூமில் நகர்த்தி, "வைப் கேஷ் பார்ட்டிஷன்" மேல நின்னு பவரை அமுக்கோணும். பேக்டரி ரீசெட் அதுக்கு நேர் மேல வரிதான், பாத்து அமுக்குங்க.